பூஜ்ய நிமிடம்

புவெர்ட்டோ மோன்ட்டில் நாலாவது நாளாக மழை.
மருத்துவமனையின் மூன்றாம் மாடியில்
என் வேலை எழுதுவது:
குழாய்மேல் ஒட்டிய சின்னத் தாளில்
நிமிடம், பக்கம், பெயர்.
வலது. இடது. ஓயார்சோ, நெல்டா.

சாக்காவ் கால்வாயின் படகுத்துறையில்
வண்டிகளுக்குச் சீட்டுக் கிழிப்பவள்.
நாலு மாத்திரைக்கும் அடங்காத இரத்த அழுத்தம்.
மேசையில் மல்லாந்தபடி கேட்கிறாள்,
தொடையில் நுழைக்கிற கம்பி
இடுப்புக்கு மேலே எப்படி வழி கேட்டுப் போகும் என்று.
டாக்டர் பர்ரியென்டோஸ் பதில் சொல்லவில்லை.
வலப்பக்கச் சிரை விரல்நக நீளம்தான்.
திரையை விட்டுக் கண் எடுக்க அவருக்கு நேரமில்லை.

காத்திருந்த நேரத்தில் நான் சொன்னேன்:
சிறுநீரகத்தின் தலையில்
கோணல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கிறது
அந்தச் சுரப்பி.
கோழிமுட்டை எடையில் பத்தில் ஒன்றும் தேறாது.
ஆனால் இரத்தத்தில் வழிப்போக்காய் ஓடும்
வைட்டமின் சியை இழுத்து இழுத்து
நூறு மடங்காகப் பதுக்கி வைத்திருக்கிறது.
அதன் செல்களின் வாசலில் ஒரு சட்டம்:
உப்பு இரண்டு துணைக்கு வந்தால்தான்
புளிப்பு ஒன்று உள்ளே போகலாம்.

"டிரைவரும் கிளீனரும் இல்லாத லாரியை
நாங்களும் ஏற்றுவதில்லை" என்றாள்.

துணைக்கு வந்த உப்பை
உடனே வெளியே தள்ளிவிடும் என்பதைச் சொல்லவில்லை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிற பழக்கம்
செல்லுக்குக் கிடையாது.

நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?
உருளைக்கிழங்கு ரொட்டி.
காட்டுரோஜாக் காயின் ஜாம், இரண்டு கரண்டி;
இல்லை, மூன்று.
கீழே ஆம்புலன்ஸ் கொட்டகையில் சுருண்டிருக்கும் நாய்
தன் ஈரலிலேயே இதைக் காய்ச்சிக்கொள்ளும்.
மலைமேல் கினிப்பன்றிக்கும் நமக்கும்தான்
கைவசமில்லை அந்த வித்தை.
ஜாமுக்கு ஏந்துகிறோம் கை.

கம்பி சேர்ந்துவிட்டது.
பூஜ்ய நிமிடத்துக்கு ஒரு குழாய்.
பிறகு ஊசி:
மூளையின் அடியிலிருந்து வரவேண்டிய ஓலையை
நாங்கள் மருந்தாக எழுதி அனுப்பினோம்.
ஆபத்து, உடனே புறப்படு.
ஆபத்து ஏதுமில்லை. மழைதான்.

ஒன்று. இரண்டு. மூன்று.
பொய்யோலைக்கு மெய்யாகவே கொடுத்தது சுரப்பி.
கார்டிசால் இன்னும் படியேறிக்கொண்டிருக்க
அதற்கு முன்னால்
சேர்த்து வைத்த புளிப்பெல்லாம்
சிரைக்குள் பாய்ந்தது.
கால்மணிக்குள் வாசல் சாத்திக்கொண்டது.
யாருக்காக அது?
பக்கத்தில் கிடக்கும் சிறுநீரகத்துக்கா,
ஓடத் தயாராகும் கால்களுக்கா?
டாக்டரைக் கேட்டேன்.
"தெரியாது" என்றார், கையுறையைக் கழற்றியபடி.
அவர் அப்படிச் சொல்வது எனக்குப் பிடிக்கும்.

வெளிச்சம் பட்டால் செத்துவிடும் சரக்கு.
குழாய்களை வெள்ளித்தாளில் சுற்றி
ஐஸ் பெட்டியில் வைத்து
மாடிப்படி இறங்கி ஓடினேன்.

எந்தப் பக்கம் கட்டி என்கிற கணக்கு
வேறு கூடத்தில், அடுத்த வாரம் வரும்.
என் கணக்கு இரவு பத்துக்கே வந்தது.
இரண்டாம் நிமிடம் உயரம், எதிர்பார்த்ததுதான்.
பூஜ்ய நிமிடமும் உயரம்.

குழாய் மாறிவிட்டதோ என்று
தாளைப் பிரித்துப் பார்த்தேன். என் கையெழுத்து.
கருவியைக் கழுவி மறுபடி ஓட்டினேன்.
அதே எண்.

ஆக, லாரி, டிரைவர், கிளீனர் என்று
அவள் பேசிக்கொண்டிருந்தபோதே,
மூன்று கரண்டி என்று திருத்தியபோதே
அங்கே கதவு திறந்துதான் கிடந்திருக்கிறது.
ஊசிக்கு முன்பே ஓலை போயிருக்கிறது,
எங்கள் யாரையும் கேட்காமல்.

"பயன்படாது" என்று அந்த வரியை
நாளைக்கு டாக்டர் அடித்துவிடுவார்.
அடிக்கத்தான் வேண்டும்; அளவுகோல் ஆடக்கூடாது.
படிவத்தில் காரணத்துக்கென்று கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால்
'நோயாளி பேசிக்கொண்டிருந்தார்' என்று மட்டும் எழுதினேன்.

அவள் அதற்குள்
கடைசிப் படகைப் பிடித்திருப்பாள்,
தொடையில் கட்டோடு,
சீட்டு வாங்காமல்.